பத்துக்கு நான்கு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறி இறங்குவதைக் குறைத்தாயா? இங்கே நாங்கள் நலம். உன் தம்பி மனைவி கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊராருக்கு லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, என் மூக்குக் கண்ணாடியை மட்டும் தொட மாட்டேன் என்கிறாள். எனக்குத் தொண்டை கொஞ்சம் மக்கர் செய்கிறது. அதனால்தான் போனை எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று! பேனா பிடிப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் ஒரு காரியம். எங்கள் சபையில் ஒருவர், ஆராதனையில் ராப் முறையில் பேச அனுமதி கேட்கிறார். குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. "இது பாட்டா, பேச்சா, இல்ல வாய்ச்சண்டையா?" என்று செயலாளர் கேட்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. சபைப் பாட்டுப் புத்தகத்தைப் பிழை திருத்திக் கொடுத்தவள் நீ என்பதால், "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார்.

இது கலையா? கலைதான் என்றால், கடவுள் முன்னால் நிற்கிற தகுதி அதற்கு உண்டா? முகதாட்சணியம் பார்க்காமல் எழுது. குழு 'இல்லை' என்று சொல்லிவிட்டால், அந்த ஆள் இனிச் சபையில் எழுந்து நின்று பேசப்போவதில்லை. அவருக்கு அவ்வளவு முக்கியம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி

ஜனவரி 25

அன்புள்ள ரேடியோ,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது. உன் தொண்டைக்கு என்ன? டாக்டரிடம் காட்டினாயா, அல்லது வழக்கம்போல அவருக்கே பிரசங்கம் பண்ணிவிட்டு வந்தாயா? நீ வாயை மூடுவதற்காக அப்பா உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார். பேர் நிலைத்தது, வாய் மூடவில்லை. அப்படிப்பட்ட ஆள் இரண்டு மாதமாகப் போன் எடுக்காமல் இருப்பது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. ஒரே ஒரு முறை எடுத்து, இருமிக் காட்டினால்கூடப் போதும்.

ராப் பற்றி எனக்குத் தெரிந்தது பூஜ்யம். பேருந்தில் யாராவது சத்தமாக வைத்தால் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். அவர்கள் சத்தத்தைக் குறைப்பார்கள். எங்களுக்குள் நடந்த உரையாடல் அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்பதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா? முப்பத்தொரு வருடம் மொழி ஆசிரியையாக இருந்து, பிள்ளைகள் எழுதிய எதையாவது படிக்காமல் தள்ளியிருக்கிறேனா?

அந்த ஆள் எழுதியதில் நாலு வரி அனுப்பு. ஆளைப் பற்றியும் எழுது. என்ன வயது, என்ன வேலை, சின்னப் பையனா, எதற்கு இந்த ஆசை? ஆளைத் தெரியாமல் விடைத்தாள் திருத்தலாம், ஆனால் சுவாரசியம் இருக்காது.

உன் மனைவியையும், அதாவது என் தங்கையையும், கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. நாங்களும் அப்படியே. தொண்டைக்கு வைத்தியம் நடக்கிறது. டாக்டர் நல்லவர், அவரே நிறையப் பேசுகிறார்.

நீ கேட்ட வரிகள் இதோ. வேதத்தில் வரும் ஒரு கதை: ஆசாரியன் ஒருவன் ஆலயத்துக்குள் போகிறான், தூதன் சொன்னதை நம்பவில்லை, வாயடைத்துப்போய் வெளியே வருகிறான், பிறகு பலகையில் எழுதித்தான் பேசுகிறான்.

வாசலில் ஜனம் நிக்குது, வார்த்தைக்குக் காத்து நிக்குது,
உள்ளே போன ஆசாரியன் உதட்டில் பூட்டுத் தொங்குது.
சாவி கேட்டேன், சத்தம் கேட்டேன், சாட்சி கேட்டேன், தரலை.
கையில் ஒரு பலகை தந்தார், கடைசி வரி தரலை.

இதைச் சொல்லும்போது அவர் இடது கையால் தொடையில் தட்டிக்கொள்கிறார். தட்டு இல்லாமல் சொல்ல மாட்டார். கருவி எதுவும் கேட்கவில்லை. குழு மார்ச் முதல் வாரம் கூடுகிறது. நோயாளிக்குப் போடும் கருணை மதிப்பெண் மாதிரி எதுவும் வேண்டாம். வகுப்பில் எப்படித் திருத்துவாயோ அப்படியே திருத்து.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள ரேடியோ,

சுகம், சுகமறிய ஆவல். ஆளைப் பற்றிக் கேட்டால் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாய். சரி, பையன் என்றே வைத்துக்கொள்கிறேன். பூட்டு, சாவி என்று எழுதுகிற வயது அதுதான்.

போதகராகி இத்தனை வருடம் ஆகியும் உனக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. யாரோ விடாப்பிடியாக நச்சரிக்கிறார், நீ தவிக்கிறாய், அதனால்தான் தொண்டை வலி என்று போனைக்கூட எடுக்காமல் ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்பது என் ஊகம். ஆகவே அந்த 'இல்லை'யை நானே சொல்லிவிடுகிறேன். திருத்திய தாளைக் கீழே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பழக்கம் விடுமா? எந்தத் தாளானாலும் ஒரு நகல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தாளை மட்டும் ஒரு பிரதி எடுத்து உங்கள் செயலாளருக்கு இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இனி உன் மேல் பழி வராது.

'எதுகை, மோனை நன்று. சந்தம் ஒழுங்கு. சொல்வளம் குறைவு: சின்னச் சின்னச் சொற்களையே திரும்பத் திரும்பப் போடுகிறார். தரலை என்று இரண்டு வரியை முடிப்பது சோம்பல். பொருள் அரைகுறை: அந்த ஆசாரியனுக்குப் பிறகு பேச்சு திரும்பியது, அதை எழுதவே இல்லை. ஆராதனைக்கு இது தேவையா? சொல்ல வேண்டியதை நேராகப் பேசிவிடலாமே. தட்டு எதற்கு? பத்துக்கு நான்கு.'

பையன் மனம் நோகாமல் சொல். முயற்சி செய்தால் தேறுவான்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள ரேடியோ,

நலமா? ஒரு மாதமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் செயலாளர்தான் ரசீது அனுப்பியிருக்கிறார். குழு கூடியது, என் தாள் வாசிக்கப்பட்டது, நன்றி என்று. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய கையெழுத்தைப் படிக்க எனக்கு இரண்டு கண்ணாடி வேண்டியிருந்தது.

நான் இங்கே ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன். மேல்வீட்டில் ஒரு பெண்மணி அலுவலகங்களுக்குத் திரைத்துணி தைக்கிறாள். மோட்டார் இல்லாத மிதி இயந்திரம். தைக்கும்போது ராப் கேட்கிறாள். இத்தனை நாளாக அதை மோட்டார் சத்தம் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் என் வாசல் திரையைக் குட்டையாக்கக் கொண்டு போனபோது, "இதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"டீச்சர், நீங்க வார்த்தைய மட்டும் பாக்குறீங்க. கால வச்சுக் கேளுங்க."

"கால வச்சா?"

"இப்ப உங்க கால் தட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். தட்டிக்கொண்டுதான் இருந்தது. மானம் போயிற்று.

அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு மணி நேரம் மாடியில் இருக்கிறேன். அவள் தைப்பாள். நான் நோட்டுப் புத்தகத்தில் தட்டுகளை எண்ணிக் கோடு போடுவேன். "பரீட்சை எப்ப டீச்சர்?" என்று கேலி செய்கிறாள். உன் அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கப் போய்த் திரும்பாமல் போன பிறகு, இந்த வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. பதினொரு வருடம். இப்போது காது கொஞ்சம் திறந்த மாதிரி இருக்கிறது.

அந்தப் பையன் என்ன ஆனான்? ரொம்ப அழுதானா? எழுது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனும் இல்லை, கடிதமும் இல்லை. என் மேல் கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

இந்தக் கடிதம் நீ கேட்டு எழுதுவதல்ல. நான் திருத்திய தாளில் தப்பு இருக்கிறது. ஆசிரியை தப்பாகத் திருத்தினால் பிள்ளை எழுந்து கேட்கலாம். இங்கே பிள்ளை எதிரில் இல்லை, அதனால் நானே எழுந்து நிற்கிறேன்.

தட்டு எதற்கு என்று கேட்டிருந்தேன். கயிறு தாண்டும் பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். இருவர் கயிற்றைச் சுழற்றுவார்கள், மூன்றாவது ஆள் உள்ளே குதிக்க வேண்டும். சும்மா தரையில் குதிக்கிற பிள்ளையை யாரும் நின்று பார்ப்பதில்லை. சுழலும் கயிற்றுக்குள் குதிக்கிறவளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். தட்டு அந்தக் கயிறு. அது நிற்காது, யாருக்காகவும் காத்திராது. அதற்குள் ஒரு மனிதன் தன் சொல்லை இடறாமல் கொண்டு போகிறான். அதில் இருக்கிற ஆபத்துதான் கலை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அடுத்து, தரலை இரண்டு முறை. கண்ணால் படித்தபோது சோம்பல் என்று தோன்றியது. மேஜையில் கரண்டியால் தட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் தரலை புகார். இரண்டாவது தரலை கெஞ்சல். ஒரே சொல், முகம் வேறு. வாயால் படிக்க வேண்டியதைக் கண்ணால் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் இப்படி எத்தனை பிள்ளைகளைப் பெயிலாக்கினேனோ!

கதை முடியவில்லை என்றும் குறை சொல்லியிருந்தேன். அந்த ஆசாரியன் வாசலில் நின்றபோது அவனுக்கு முடிவு தெரியாதே. கையாலே சாடை காட்டிக்கொண்டு ஜனத்துக்கு முன்னால் நின்றான். அதுவும் ஆராதனைதானே?

இன்னொன்றும் யோசித்தேன். கூட்டமாகப் பாடும் பாட்டில் ஒரு வசதி உண்டு. நம்பாதவரும் வாயசைத்துவிட்டு வந்துவிடலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இதில் அந்த வசதி இல்லை. ஒற்றை ஆள் நின்று, நான் என்று ஆரம்பித்து, தன் சொந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். இப்படிப் பேசுகிறவரைச் சபைக்கு வெளியே நிறுத்தினால், உள்ளே யாரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

பத்துக்கு எட்டு. அந்த இரண்டைக் குறைத்தது, மூன்றாம் வரியில் மூச்சுவிட இடமில்லாததற்காக.

இதன் நகலைச் செயலாளருக்கு அனுப்பவில்லை. கோழி கிளறின மாதிரி இன்னொரு ரசீது வந்தால் என் கண் தாங்காது. நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. கடையில், வேலை குறைவான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணி, அவருக்குத் தொண்டை வலி இல்லை. நவம்பர் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரிடம் என்னவோ கேட்க வாயைத் திறந்தார், வரவில்லை. ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். கை கால் தப்பித்தது. எழுதுவார், படிப்பார், எல்லாம் புரியும். வாய்க்கு மட்டும் வழி தெரியவில்லை. 'தண்ணி' என்று சொல்ல டிசம்பர் பாதி வரை ஆயிற்று.

பழைய பாட்டுகள் முழுசாக வந்தன. நான்கு சரணம் பாடிவிட்டு, "பசிக்குதா?" என்றால் பதில் சொல்ல முடியாமல் அழுவார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா அவருடைய இடது கையைப் பிடித்துத் தட்டவைத்துச் சொல்லவைத்தாள். அங்கே தரை துடைக்கிற ஒருவர் போனில் ராப் வைத்துக்கொண்டு வேலை செய்வார். ஒரு நாள் இவர் உதடு அதோடு சேர்ந்து அசைவதை அவர்தான் பார்த்தார். "பாஸ்டர், பாட்டு வருது, பேச்சு வரலன்னா, ரெண்டுக்கும் நடுவுல இது ஒண்ணு இருக்கே, இதுல பேசிப் பாருங்களேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டார். நாக்குக்கு எந்தச் சொல் வருகிறதோ அதை மட்டும் ஒரு பட்டியல் போட்டு, அதை வைத்தே எழுதினார். நீங்கள் திருத்தியது அதுதான்.

நோயாளி என்று தெரிந்தால் உண்மையான மதிப்பெண் வராது என்று உங்களிடம் மறைத்தார். உங்களுக்குத் தெரியும் என்றே செயலாளர் நினைத்தார். கூட்டத்தில் உங்கள் தாளை வாசித்துவிட்டு, "சொந்தத் தம்பின்னுகூடப் பாக்காம சொல்லியிருக்காங்க, இதைவிட நேர்மையான தீர்ப்பு உண்டா?" என்றார். இவர் ஒரு துண்டுத் தாளில், 'அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று எழுதி மேசையில் தள்ளிவைத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்றோடு தட்டுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் பிறகு எழுதிய இரண்டு கடிதமும் பிரிக்காமல் மேசை மேல் கிடக்கின்றன. மே 6 கூட்டத்தில் வேறு போதகரைக் கேட்டு மேலிடத்துக்கு எழுதப்போகிறார்கள். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை அண்ணி. உங்களுக்குத் தெரியாமலே இது முடிந்துவிடக் கூடாது என்றுதான்.

அன்புடன்,
உங்கள் தங்கை

ஏப்ரல் 28

மதிப்புக்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குழுவினரும் நலமென நம்புகிறேன்.

பிப்ரவரியில் நான் அனுப்பிய தாளை எழுதியபோது, அந்த வரிகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. போதகருக்கு உடல்நிலை சரியில்லை என்பதும் தெரியாது. 'சொல்ல வேண்டியதை நேராகப் பேசிவிடலாமே' என்று எழுதியிருக்கிறேன். பேச முடியாத ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்ன கை இது. எழுதவே கூசுகிறது.

ஆனால் இரக்கத்தால் என் தீர்ப்பை மாற்றுகிறேன் என்று தாங்கள் நினைத்தால் அதில் நியாயம் உண்டு. இன்று நான் என்ன எழுதினாலும் அது அக்காவின் எழுத்து. ஆகவே புதிதாக எதுவும் எழுதவில்லை. போதகர் வீட்டில் பிரிக்காத உறை ஒன்று இருக்கிறது. தபால் முத்திரை ஏப்ரல் 9. எனக்கு உண்மை தெரிந்தது ஏப்ரல் 24. அந்த உறையைக் குழுவின் முன்னால் பிரித்து, முழுக்க வாசியுங்கள். அதில் தங்கள் கையெழுத்தைப் பற்றி ஒரு வரி வரும். அதையும் விடாமல் வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பாட்டுப் புத்தகத்தைத் திருத்தியவள்

ஏப்ரல் 28

என் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். தங்கை எல்லாம் எழுதினாள். அவளைக் கோபிக்காதே.

கருணை மதிப்பெண் வேண்டாம் என்றாய். நானும் போடவில்லை. ஏப்ரல் 9 உறையை மட்டும் நீ பிரிக்காதே. செயலாளர் வந்து கேட்டால் அப்படியே கொடு. மார்ச் மாதத்துக் கடிதத்தைப் பிரி, அதில் சிரிக்க ஏதோ இருக்கிறது.

மே 6 வரை தினமும் தட்டு.

அக்கா

மே 8

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

கர்த்தருடைய கிருபையால் குழுவினர் யாவரும் நலம். தாங்களும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

மே 6 கூட்டத்தில் தங்கள் ஏப்ரல் 9 உறை, முத்திரை சரிபார்க்கப்பட்டுப் பிரிக்கப்பட்டது. முழுவதும் வாசிக்கப்பட்டது. கையெழுத்தைப் பற்றிய வரியும் வாசிக்கப்பட்டது. அது குறிப்பேட்டில் ஏறவில்லை. இக்கடிதம் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதைக் கவனிக்கவும்.

தீர்மானம்: புதிய போதகரைக் கேட்டு எழுதுவது ஒத்திவைக்கப்படுகிறது. ஜூன் முதல் ஞாயிறன்று போதகர் ஏழு நிமிடங்களுக்கு மிகாமல், கருவிகளின்றி, தமது முறையில் பிரசங்கிக்கலாம். அதன்பின் குழு முடிவெடுக்கும்.

தனிப்பட்ட முறையில் ஒன்று. கயிறு தாண்டும் உதாரணத்தை என் மனைவிக்குச் சொன்னேன். "இத்தனை வருஷமா நீங்க வெளிய நின்னு கயித்த மட்டும்தான் சுத்துறீங்க" என்கிறாள். இதற்கு என்ன பொருள் என்று தாங்கள் விளக்க முடியுமானால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
செயலாளர்

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம் என்று இந்த முறை பொய்யில்லாமல் எழுதலாம். கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்.

ஞாயிறு பேசினேன். செயலாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பிரசங்க மேடையின் விளிம்பில் இடது கையை வைத்துத் தட்ட ஆரம்பித்ததும், பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதல் பத்து வரி போயிற்று. நீ சொன்ன அந்த மூன்றாம் வரியில் மூச்சுக்கு இடம் விட்டேன். பிறகு ஒரு சொல்லில் அடைத்துக்கொண்டது. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது, வாய் திறந்தபடி நின்றேன். "ஏம்மா நிறுத்திட்டாரு?" என்று ஒரு குழந்தை கேட்டது. "யோசிக்கிறாரு, சும்மா இரு" என்றாள் தாய். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் அடைத்தது. மூன்றாவது தடவை தாண்டிவிட்டேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்புக் கடைக்காரர் என் கையைப் பிடித்து, "பாதி புரியல பாஸ்டர். ஆனா இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா நான் தூங்கல" என்றார். இரண்டு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன என்பதையும் சொல்ல வேண்டும். குழு மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கும், மற்ற ஞாயிறுகள் உதவிப் போதகருக்கும் என்று முடிவு செய்திருக்கிறது. மேடை போகவில்லை.

இதெல்லாம் உன் தங்கையும் எழுதியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

முன்பெல்லாம் எனக்கு வாக்கியங்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வரும். இப்போது ஒரு வாக்கியத்தை வாய்க்குக் கொண்டுவர ஒரு வாரம் பிடிக்கிறது. ஒரே வாக்கியத்தை ஒரு வாரம் தட்டித் தட்டிச் சொன்னால், அதை நான் நம்புகிறேனா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது. பெரும்பாலானவை நின்றன. அதில் எனக்கே ஆச்சரியம். ஒன்று மட்டும் நிற்கவில்லை. 'கடவுள் ஒருவரை எடுத்துக்கொண்டால் அதற்கு நல்ல காரணம் இருக்கும்.' அதில் கஷ்டமான சொல் எதுவும் இல்லை, எல்லாம் என் பட்டியலில் இருக்கிற சொற்கள்தான். மூன்று வாரம் முயன்றேன். பயிற்சி கொடுக்கிற அம்மா, "இது நாக்கு பண்ற வேலை இல்லைங்க" என்றாள்.

அது உன் வீட்டுக் கூடத்தில், அத்தானின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன வாக்கியம். அன்று அதைச் சொல்ல எனக்கு மூன்று நொடி போதுமாக இருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ எந்தச் சபைக்கும் போகவில்லை. முழங்கால் என்றாய். எனக்கும் அது வசதியாக இருந்தது, நானும் முழங்கால் என்றே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று அந்த வாக்கியம் வர வேண்டிய இடத்தில் வேறு ஒன்று சொன்னேன்.

ஏன் எடுத்தார்? தெரியாது.

அவ்வளவுதான். கொஞ்சம் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான், அக்கா.

உன்
தம்பி

ஜூன் 17

அன்புள்ள ரேடியோவுக்கு,

நான் சுகம். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. தினமும் மாடி ஏறுகிறேன், தையற்காரியைக் கேட்டுக்கொள்.

உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். 'ஏன் எடுத்தார்? தெரியாது' என்ற இடத்துக்கு வந்தபோது அவள் மிதியை நிறுத்திவிட்டாள். நூல் அறுந்துவிட்டது என்று சொன்னாள். அறுந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மதிப்பெண் போடச் சொல்லாதே, போட வராது. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான்கு நாளாகக் கரண்டியால் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. தெரியாது என்று சொன்ன பிறகு, அடுத்த வரிக்கு முன்னால் எத்தனை தட்டு சும்மா விட்டாய்? நான்கு விட்டால் குறைவாகப் படுகிறது. எட்டு விட்டால் ஜனம் இருமத் தொடங்கிவிடும்.

எழுதாதே. ஜூலை முதல் ஞாயிறு சபைக்கு வந்து நானே எண்ணிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா